விரவுத்திணை வண்டி: பெட்டியில் வந்த மோட்டார் சைக்கிள் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

ஆய்வென்றால் கருதுகோள் வேண்டும். என்னுடையது இது: மலிவான சீன மோட்டார் சைக்கிளை வாங்குகிறவன் வாடிக்கையாளன் அல்லன், அதைச் செய்த தொழிற்சாலையின் கடைசித் தொழிலாளி. அசெம்பிளி லைன் சோங்கிங் நகரத்தில் தொடங்குகிறது, ஆனால் அங்கே முடிவதில்லை. பசிபிக் கடலைத் தாண்டி, டெக்சாஸ் மாநிலத்துக்குள் புகுந்து, ஆஸ்டின் நகருக்கு வடக்கே என் வீட்டு கராஜில் வந்துதான் நிற்கிறது. கடைசித் தொழிலாளிக்குச் சம்பளம் கிடையாது. அவன்தான் 1,800 டாலர் கட்டி வேலையில் சேர வேண்டும்.

ஆய்வுக்களம் மேற்படி கராஜ். காலம் 11 மாதம். தரவு ஒரு வண்டி, ஓர் ஓட்டி. நெறியாளர் என் மனைவி. அவர் இன்னும் ஆய்வேட்டை ஏற்கவில்லை.

திணையியல்

இவ்வகை வண்டியை அமெரிக்காவில் டூயல் ஸ்போர்ட் என்பார்கள். தார்ச்சாலைக்கும் ஆகும், காட்டுப் பாதைக்கும் ஆகும். இதற்குக் கலைச்சொல் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் இலக்கணக்காரர்கள் வண்டி வரும் முன்பே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாத்தன் வந்தான் என்றாலும் சரி, சாத்தன் வந்தது என்றாலும் சரி. சாத்தன் ஆளாகவும் இருக்கலாம், காளையாகவும் இருக்கலாம். இப்படி உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வருவது விரவுப்பெயர். தார்ச்சாலையை உயர்திணை என்றும் மண்பாதையை அஃறிணை என்றும் கொண்டால், இது விரவுத்திணை வண்டி.

அகத்திணை வழியில் மறுப்பாரும் உண்டு. காடும் மலையும் தத்தம் இயல்பு கெட்டால் பாலையாகும். அதுபோலச் சாலை வண்டியும் காட்டு வண்டியும் இயல்பு கெட்டுப் பிறந்ததே இது என்பது அவர்கள் கட்சி. நெடுஞ்சாலையில் லாரிகள் மணிக்கு 70 மைலில் பறக்கும்போது, 60-ஐத் தொட்டதும் என் வண்டியின் கண்ணாடிகள் இரண்டும் சாமி வந்ததுபோல் ஆடத் தொடங்குவதைப் பார்த்தவன் நான். எனவே அவர்களோடு அதிகம் வாதாட மாட்டேன்.

இத்திணையின் புற அடையாளம் எளிது. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. முன் மட்கார்டு டயரோடு ஏதோ மனஸ்தாபம் போல ஒரு முழம் தள்ளி மேலே நிற்கும். சீட்டு மிக உயரம். சிக்னலில் நின்றால் என் பெருவிரல் மட்டும் தரையைத் தொடும். இதெல்லாம் பாறையும் ஓடையும் தாண்டுவதற்கான ஏற்பாடு. நான் தாண்டுவது அலுவலக வாகன நிறுத்தத்தின் வேகத்தடை. 11 மாதத்தில் இவ்வண்டி மண்ணில் ஓடியது ஒரே ஒரு நாள்: குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டியபோது, நாற்பது அடி.

இத்திணையின் ஊற்றைச் சிலர் ஜப்பானில் தேடுவார்கள், சிலர் சீனத்தில். நான் ஓசூர் என்பேன். 1980-இல் அங்கிருந்து வந்த டி.வி.எஸ். 50-இல், பின்னால் உர மூட்டையும் முன்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு அப்பா வரப்பு மேலேயே போயிருக்கிறார். அதே வண்டியில் மறுநாள் தார்ச்சாலை வழியே உத்திரமேரூர் கல்யாணத்துக்கும் போவோம். அதற்கு டூயல் ஸ்போர்ட் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வண்டி என்றோம், அவ்வளவுதான்.

வண்டி வாங்கிய செய்தியை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏன்டா, நம்ம ஓரகடத்துல செய்ற புல்லட்டு கம்பெனி வண்டியே அமெரிக்காவுக்கு வருதாமே. அத வாங்காம சீனாக்காரன் வண்டிய வாங்கியிருக்க?"

"அது இத மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல வெலம்மா."

"அப்ப பாதி வண்டிதான் வாங்கியிருக்கன்னு சொல்லு."

இந்த ஆய்வின் முடிவை அம்மா தொடக்கத்திலேயே எட்டிவிட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எண்ணியல்

வண்டியின் பக்கத்தில் 250 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சிலிண்டரின் துளை 67 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 65 மி.மீ. கணக்குப் போட்டால் 229 சி.சி. வருகிறது. பாக்கி 21 சி.சி. ஸ்டிக்கரில் இருக்கிறது.

இன்ஜினின் குலமரபு மட்டும் பெரிய இடம். ஹோண்டா 1976-இல் சி.ஜி. 125 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. எண்ணெய் மாற்ற மறப்பவர்கள், அளவுக்கு மேல் ஏற்றுபவர்கள், இன்ஜின் கதறினாலும் திறந்து பார்க்காதவர்கள் வாழும் நாடுகளுக்கென்றே யோசித்துச் செய்த இன்ஜின் அது. வால்வுகளைத் தலைக்கு மேல் செயின் வைத்து இயக்காமல், கேமைக் கீழேயே வைத்துத் தள்ளுகம்பிகளால் முட்டித் திறக்கும் பழைய முறை. பழையது என்று சிரிக்கக் கூடாது. பழுதாகும் உறுப்பு குறைவு. ராணுவத் தளவாட ஆலை மோட்டார் சைக்கிள் செய்யத் திரும்பிய ஊரான சோங்கிங், பிறகு இந்த வடிவத்தைப் படியெடுத்து, பெருக்கி, நடுக்கத்தைக் குறைக்க ஓர் எதிர்எடைத் தண்டும் சேர்த்து உலகெங்கும் அனுப்பியது. ஏடு ஒன்றுதான், படிகள் பல.

படி என்றதும் சட்ட எண் நினைவுக்கு வருகிறது. வண்டிச் சட்டத்தில் பொறிக்கும் 17 எழுத்துகளில் முதல் எழுத்து எல் என்றால் சீனா, ஜே என்றால் ஜப்பான்; எம்ஏ முதல் எம்இ வரை தொடங்கினால் இந்தியா. இந்தப் பதினேழில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே கூடாது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்புமாம். ரகரத்தையும் காலையும் ஒன்றுபோல எழுதி, புள்ளியே வைக்காமல், ஆயிரம் ஆண்டு ஓலையில் படித்துத் தேறிய இனம் நாம். ஆனாலும் வரி அலுவலகத்தில் 130-யு படிவத்தை நிரப்பும்போது அந்த 17 எழுத்தில் ஒன்றைத் தவறாக எழுதி, வரிசையில் மறுபடி நின்றேன்.

உரிமைப் பத்திரம் பெற, வண்டி எங்கே யாரால் செய்யப்பட்டது என்ற மூலச் சான்று வேண்டும். விற்றவர்கள் வண்டியை முதலில் அனுப்பினார்கள். சான்று 3 வாரம் கழித்து வந்தது. இடைப்பட்ட நாளில் வண்டி எனக்குச் சொந்தமா என்பதற்கு என் கிரெடிட் கார்டு பட்டியல் மட்டுமே சாட்சி.

பூட்டியல்

பெட்டி ஒரு புதன்கிழமை வந்தது. கோண இரும்புச் சட்டம், சுற்றிலும் அட்டை. லாரிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"என்னங்க இது, பீரோவா?" என்றார் நெறியாளர்.

பிரித்தேன். முன் சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி, மட்கார்டு தனி, பேட்டரி தனி. ஒரு பிளாஸ்டிக் பையில் போல்ட்டும் நட்டும் வாஷரும் கூட்டுக் குடும்பமாக. கூடவே ஒரு கையேடு.

கையேட்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசியாக வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஏடுகளை ஒப்புநோக்கி என்ன பாடுபட்டார் என்பதை இதைப் படித்த பிறகே உணர்ந்தேன். படத்தில் இருப்பது வேறு வண்டி. மின் வரைபடத்தில் காட்டிய பச்சை வயர் என் வண்டியில் மஞ்சள். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற பக்கத்தில், மிக முக்கியமான இடத்தில், எண் இல்லை. செல்லரித்த ஏட்டில்கூட ஓர் ஓட்டையாவது இருக்கும். அய்யர் ஊர் ஊராகச் சுவடி தேடிப் போனார். நான் வீடியோ வீடியோவாகப் போனேன். பாடபேதம் குறைந்தபாடில்லை.

ஆய்வாளர்கள் ஒருமனதாக ஒப்பும் நெறி ஒன்று உண்டு: ஆலை பூட்டியதை அப்படியே நம்பாதே, கழற்றிப் பார்த்துப் பூட்டு. கழுத்துப் பேரிங்கைத் திறந்தேன். கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தியில் நெய் ஊற்றுவார்களே, அந்த அளவு கிரீஸ் இருந்தது. பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் அச்சில் பந்தியே முடிந்திருந்தது. இரண்டுக்கும் அள்ளி அப்பினேன். கைக்கு எட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, மரையில் ஒரு சொட்டு நீலப் பசை விட்டு, டார்க் ரெஞ்சில் கிளிக் என்ற சத்தம் வரும்வரை முறுக்கினேன். ஒரே சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு, பசையில்லாத போல்ட்டைத் திருப்பித் திருப்பி வெளியே அனுப்பிவிடும். இது அனுமானம் அல்ல. சான்று பின்னால் வருகிறது.

ஆலையில் ஊற்றி அனுப்பிய எண்ணெயை உடனே வடித்துவிட்டுப் புதியது ஊற்றினேன், 100 மைல் ஓட்டியபின் மறுபடி மாற்றினேன். இரண்டாம் முறை வடித்ததில் இரும்புத்தூள் மினுமினுத்தது. பிளக்கை மாற்றினேன். செயினை முதல் நாளே தூக்கிப் போட்டேன். அது செயின் அல்ல, செயினுக்கான ஒரு யோசனை. புதுச் செயினின் இணைப்புக் கிளிப் மீன் வடிவில் இருக்கும். மீனின் தலை ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த வால் பின்னால். மாற்றிப் போட்டால் வழியில் எதிலாவது பட்டுக் கிளிப் கழன்றுவிடும். முன் பல்சக்கரத்தில் 16 பல்லுக்குப் பதில் 17 போட்டேன். அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறத்தாழ 6 சதவீதம் குறைவாகச் சுற்றுகிறது. கண்ணாடிக்குச் சாமி வருவதும் சற்றே தள்ளிப்போகிறது.

ஸ்போக்கை மட்டும் ஒரு மாலை முழுதும் ரசித்துச் செய்தேன். சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். இறுகியது 'டிங்' என்னும். தளர்ந்தது 'டொக்' என்னும். டொக்கெல்லாம் டிங்காகும்வரை சுற்றிச் சுற்றி வந்தேன். சுருதி சேர்ந்தபின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெறியாளர் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டதாகப் பின்னர் தெரிந்தது.

கார்புரேட்டரில் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகும்படி சின்ன ஜெட் வைத்திருப்பார்கள். காலையில் சோக்கை இழுத்து மூன்று நிமிடம் கெஞ்ச வேண்டும். பெரிய ஜெட் போட்டால் தீரும் என்பர். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இத்தகைய கைவைப்பைத் தடுக்கிறது. எனவே என் வண்டியில் என்ன ஜெட் இருக்கிறது என்பது இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது.

பதினேழாம் நாள் வண்டி எழுந்தது. அம்மா வீடியோ அழைப்பில் இருக்க, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். எதிர்வீட்டுக்காரர் வந்து அது எதற்கென்று கேட்டார். புது இன்ஜினைப் பழக்கும் முறை என்றேன். தன்னுடைய டிராக்டருக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டார்.

பொருளியல்

பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் இதெல்லாம். அலுவலகம் போய்வர ஒரு நாளைக்கு 22 மைல். கார் கேலனுக்கு 28 மைல் கொடுக்கிறது, வண்டி 70. கேலன் 3 டாலர் என்று வைத்தால் நாளுக்கு மிச்சம் 1 டாலர் 41 சென்ட். ஆண்டுக்கு 220 வேலைநாளில் 311 டாலர். காப்பீட்டுக்கு 180 போக நிற்பது 131. இனி முதலீடு: வண்டி 1,800, மாநில வரி 6.25 சதவீதத்தில் 112 டாலர் 50 சென்ட், ஹெல்மெட் 180, ஜாக்கெட் 160, கையுறை 45, பூட்ஸ் 130, ஸ்பேனர் வகையறா 240, செயினும் பல்சக்கரமும் 60, பிளக் 5. ஆக 2,732 டாலர் 50 சென்ட். போட்ட பணம் திரும்ப 20 ஆண்டு 10 மாதம் ஆகும். மழை நாளையும், வேண்டுமென்றே சுற்றுவழியில் போன நாளையும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தப் பகுதியை நெறியாளருக்கு இன்னும் காட்டவில்லை.

எச்சவியல்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயல் எச்சவியல். முன் இயல்களில் அடங்காமல் நின்றவற்றைச் சொல்வது. என் கராஜிலும் எல்லாம் பூட்டி முடித்தபின் இரண்டு போல்ட் மிஞ்சின.

ஆலை தாராளமாக இரண்டு அதிகம் போட்டு அனுப்பியிருக்கும் என்பது ஒருசாரார் கொள்கை. கிரீஸையே அளந்து வைத்தவர்கள் போல்ட்டில் தாராளம் காட்டினார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டும் எங்கோ இருந்தாக வேண்டியவை. என் கைதான் விட்டிருக்கிறது. நான்காம் மாதம் சைலன்சர் மூடித் தகட்டின் போல்ட் ஒன்று, நான் பசை வைக்க மறந்த ஒரே இடத்திலிருந்து, எங்கோ விழுந்து போனது. கணக்கு நேராகிவிட்டது என்று மகிழ்ந்து மிஞ்சியதில் ஒன்றை எடுத்துப் போய்ப் பொருத்தினேன். சேரவில்லை. விழுந்தது எம்8, மிஞ்சியது எம்6.

அம்மாவிடம் சொன்னேன். "பாதி வண்டின்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றார்.

இரண்டும் இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. எம்6 மரை, நீளம் 20 மி.மீ., தலைக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், தலையோடு ஒட்டிய வாஷர். வண்டி தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வகை வண்டி வைத்திருக்கும் வாசகர் எவருக்காவது இவை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். பிரேக் சம்பந்தப்பட்டது என்றால் சீக்கிரம் எழுதுங்கள்.