கடலில்லா மாவட்டத்தில் கப்பல் காப்புறுதி: ஒரு பூர்வாங்க ஆய்வு

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கண்டியிலிருந்து 1880இல் வந்த ரயில் பாதைகூட மாத்தளையோடு நின்றுவிட்டது. இருந்தும் நகரில் ஒரு கடைத்தெருவின் பெயர் திருகோணமலை வீதி. துறைமுகத்தின் மீதான ஆழ்மன ஏக்கமே இப்பெயரில் வெளிப்படுகிறது என்பது எமது முதற் கருதுகோள். அந்தப் பக்கமாகப் போனால் திருகோணமலை வரும், அதனால்தான் அந்தப் பெயர் என்ற எளிய விளக்கம் ஆய்வுக்கு உதவாது என்பதால் தள்ளுபடி செய்யப்படுகிறது.

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டீலியா உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோன பிறகு இந்த ஏக்கம் முற்றிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர், பிள்ளைகள் அனுப்பும் காசில், சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பலுக்கு இடம் பிடிக்கிறார்கள். எங்கும் போய்ச்சேராத பயணத்துக்கு ஏன் இவ்வளவு செலவு என்பது வேறொரு ஆய்வுக்குரிய பொருள். நாம் கவனிக்க வேண்டியது, அதன் பின்னர் காப்புறுதி முகவர் வீட்டுக்கு வருவதை.

“டீச்சர், முன்னமே இருந்த வருத்தம் ஏதும் இருக்கா?”

“சீனி இருக்கு, பிரஷர் இருக்கு, முழங்கால் ஏலாது. இதெல்லாம் ஒரு வருத்தமா மகன்?”

முகவர் பேனையை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கிறார். முன்பே இருந்த நோய்களுக்குப் பத்திரம் பொதுவாகப் பொறுப்பேற்காது. அறுபது வயதில் மனிதரிடம் இருப்பவை பெரும்பாலும் முன்பே இருந்த நோய்களே. அப்படியானால் புத்தம் புதிதாக, கப்பலில் வைத்தே தொடங்கும் நோய் ஒன்றைத்தான் பயணி சம்பாதித்தாக வேண்டும். இதற்காகவே கப்பலில் இருபத்துநான்கு மணிநேரமும் சாப்பாடு போடுகிறார்கள் போலும்.

கேலி ஒருபுறம் இருக்க, பத்திரத்தில் விஷயம் இல்லாமலில்லை. கப்பல் வைத்தியர் இலவசமல்ல. அவர் தரும் பில்லைப் பார்த்தே இன்னொரு தடவை பிரஷர் ஏறும். நடுக்கடலிலிருந்து ஹெலிகொப்டரில் ஏற்ற நேர்ந்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். விமானம் பிந்தினால் கப்பல் காத்திராது. காற்று மோசமென்று ஒரு துறைமுகத்தைக் கைவிட்டுப் போகும் உரிமையையோ கப்பல் கம்பனி சிறிய எழுத்தில் முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கும். ஆகவே மருத்துவச் செலவும், நோயாளியை ஊர் சேர்க்கும் செலவும் பத்திரத்தில் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். தொலைந்த பெட்டிக்கான நட்டஈட்டைப் பிறகு வாசிக்கலாம்.

இனி மாற்று நிறுவனத்துக்கு வருவோம். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் இத்துறையில் நீண்டகால அனுபவம் உள்ளவள். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப்படத்தடியில் வைப்பது பத்திரம் எழுதுதல். ஆனால் அது முன்பணமே. முழுத் தொகையும் பால்குடமாகவோ காவடியாகவோ திரும்பி வந்த பிறகுதான் செலுத்தப்படும். கம்பனியோ முதலில் வாங்கிக்கொள்கிறது. கேடு வந்தால் மட்டும் தருகிறது. அம்மன் கேடு வராவிட்டால் மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

இது பாமர நம்பிக்கை என்பாருக்கு ஏதென்ஸைக் காட்டுகிறோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அங்கே கடல் வணிகருக்குக் கொடுத்த கடன் கப்பல் பத்திரமாக வந்தால்தான் திருப்பத்தக்கது. மூழ்கினால் கடனும் மூழ்கியது. டெமாஸ்தனிஸ் பெயரில் நிற்கும் வழக்குரை ஒன்றில் வட்டி ஆயிரத்துக்கு 225. பருவம் பிந்தித் திரும்பினால் 300. நேர்த்திக்கடனின் விதியும் அதுவேதான், வட்டி மட்டும் இல்லை.

இலண்டனில் கப்பல் காப்புறுதித் தொழில் செழித்தது 1680களில் எட்வர்ட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடையில். மாத்தளைக்குத் தமிழர் கொண்டுவரப்பட்டதும் கோப்பிக்காகவே. இரண்டுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி இருப்பதை இந்த ஆய்வு பொருட்படுத்தவில்லை.

ஆனால் இவ்விடத்தில் ஆய்வின் குரல் சற்று மாறவேண்டியிருக்கிறது. அந்தத் தமிழர்களும் கடல் கடந்தவர்கள்தான். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்; வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். (2023இல் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது இந்தத் தடத்தை நினைத்தே.) அவர்களுக்கும் ஒரு பத்திரம் இருந்தது: கங்காணி கொடுத்த முன்பணம். படகுக் கூலி, சோறு, துணி எல்லாம் அதில் பற்று. பயணி செத்தால் கடன் சாகவில்லை. உறவினர் தலையிலும் கூட்டத்தின் தலையிலும் ஏறியது. அக்கடனைத் துண்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் கைமாற்றும் முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஏதென்ஸ் வட்டிக்காரனிடம் இருந்த அந்த ஒரு நிபந்தனை இதில் இல்லை. காப்புறுதி வரலாற்று நூல்கள் இதை ஒரு வகையாகச் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம் என்பது எமது பணிவான அபிப்பிராயம்.

பத்திரக் கேள்விக்கு மீள்வோம். இரண்டு நிறுவனங்களிலும் ஒரே பயணத்துக்குக் காப்பெடுக்கலாமா? எடுக்கலாம், அம்மன் பக்கம் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை, கம்பனிப் பக்கம் மொட்டை அடிக்கத் தேவையில்லை. சிக்கல் திகதியில்தான். நேர்த்திக்கடனைச் செலுத்த உகந்த நாள், ஐந்து தேர்கள் வீதிக்கு வரும் மாசி மகம். குறைந்த விலைக் கப்பலும் அந்த வாரத்திலேயே புறப்படுவதாக விளம்பரம் சொல்கிறது. தேர் தவறுமே என்று பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்புமா என்று டீச்சர் கேட்டார். முகவர் பத்திரத்தின் ஏற்கத்தக்க காரணங்களை விரலால் தொட்டுத்தொட்டு வாசித்தார்: மரணம், கடும் நோய், வீடு தீப்பற்றல், நீதிமன்ற அழைப்பு. தேர் இல்லை. டீச்சர் பங்குனியில் போகும் கப்பலின் விலையைக் கேட்டார்.