பொருள்: இருட்டைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மாலை நேர இலவச நீட் வகுப்பு, திருமுல்லைவாயில், சென்னை - 62.

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், தேசியத் தேர்வு முகமை, புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாங்கப்படி கத்திரி தொடங்கிய நாள். அன்று மதியம் தாங்கள் இளநிலை நீட் தேர்வை நடத்திக்கொண்டிருந்தபோது ஆவடியில் மழை கொட்டியது. கத்திரியன்று மழை பெய்வது வானத்தின் ஒழுங்கீனம். அதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். சி.ஆர்.பி.எஃப். வளாகத்துக் கேந்திரிய வித்யாலயா மையத்தில் மூன்று மணிவாக்கில் போன கரண்ட் நாலே காலுக்குத்தான் வந்தது, ஜெனரேட்டர் இல்லை, தண்ணீர் உள்ளே வந்ததால் இடம் மாற்றி உட்கார வைத்தார்கள், கூடுதல் நேரமும் தரவில்லை என்று அங்கே எழுதிய பிள்ளைகள் சிலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முடிவுகளை வெளியிட இடைக்காலத் தடைகூடக் கிடைத்தது. பிறகு தங்கள் தரப்பு பேசியது. நேரில் விசாரித்தோம், நிபுணர்களை வைத்துப் புள்ளிவிவரம் பார்த்தோம், பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை, 22 லட்சம் பேர் எழுதிய தேர்வில் சிலருக்கு மட்டும் மறுதேர்வு வைத்தால் சமவாய்ப்பு கெட்டுவிடும் என்றீர்கள். ஜூன் 6 அன்று மனு தள்ளுபடியானது. ஜூன் 14 அன்று முடிவும் வந்துவிட்டது.

தீர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதுவது நன்றி சொல்லவும், கூடவே ஒரு சிறு விண்ணப்பம் வைக்கவும்தான்.

முதலில் நன்றி. நாற்பது வருஷமாக ஒளியியல் நடத்தியவன் நான். பொருளின் மேல் ஒளி பட்டு, அது கண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் பொருள் தெரியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். வினாத்தாளுக்கு அது பொருந்தாது என்பதைத் தங்கள் நிபுணர்கள் நிரூபித்திருக்கிறார்கள். வெளிச்சத்தை எடுத்துவிட்டாலும் விளைவு மாறவில்லை என்றால், விளைவுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. இது பரிசோதனை முறையின் பாலபாடம். அப்படிப் பார்த்தால் நாடு முழுக்க மற்ற மையங்களில் அன்று மூன்று மணி நேரம் எரிந்த ட்யூப்லைட்டுகள் அத்தனையும் தண்டம். ஈ.பி. பில்லைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வருகிற நிலையில் இது பெரிய உதவி. வகுப்பில் உடனே இரண்டு லைட்டை அணைத்தேன்.

பிள்ளைகள்தான் ஒத்துழைக்கவில்லை. ஒரு மாதிரித் தேர்வில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, ஃபேனையும் லைட்டையும் நிறுத்தி, நடுவில் எல்லோரையும் எழுப்பி பெஞ்சு மாற்றி உட்கார வைத்தேன். ஆவடித் தரத்துக்கு அது வரவில்லை. ஜன்னலில் சாரல் அடிக்க ஒரு பையனை மக்கோடு நிறுத்தியும் பார்த்தேன். விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு பெண்ணின் தாளில் கை நின்றுவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. 61-வது கேள்வி வரை ஒழுங்கு. 62-க்கு உரிய வட்டத்தை 63-க்கு நேராக நிரப்பியிருக்கிறாள். அந்த மங்கலில் வரிசை ஒன்று நழுவியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் போட்ட விடை ஒவ்வொன்றும் சரி, ஒவ்வொன்றும் ஒரு வரி தள்ளி. பால்பாயின்ட் பேனா, அழிக்க முடியாது. நாலு மார்க் வரவேண்டிய பல இடங்களில் மைனஸ் ஒன்று. “சார், எனக்கு எல்லாமே தெரியும் சார்” என்று மட்டும் சொன்னாள். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தங்கள் புள்ளிவிவரப்படி அவள் 179 கேள்விக்கு விடையளித்தவள். பாதிப்பு இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 180 கேள்வி, 180 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம். மனுவில் சொன்ன ஒன்றேகால் மணி நேரம் என்பது 75 நிமிடம், அதாவது 75 கேள்வி, 300 மார்க். அது போனாலும் வித்தியாசமில்லை என்றால் தேர்வை 105 நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். தாங்கள் சம்மதிக்க மாட்டீர்கள், நேரம் பத்தாது என்பீர்கள். அந்தப் பதிலைத்தான் ஆவடிப் பிள்ளைகளும் கோர்ட்டில் சொன்னார்கள்.

நேரம் என்றதும் 2024 ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் சில மையங்களில் நேரம் வீணானது என்று 1,563 பேருக்குக் கருணை மார்க் வாரி வழங்கினீர்கள். 718, 719 என்றெல்லாம் மார்க் வந்தது. எல்லாம் சரியென்றால் 720. ஒன்றை விட்டால் 716. ஒன்று தப்பானால் 715. நடுவில் 718 எப்படி முளைக்கும் என்று எட்டாங்கிளாஸ் பையன்கூட விரலை மடக்கிக் கேட்டான். 67 பேர் முழு மார்க் வாங்கினார்கள். அப்புறம் கருணை மார்க்கை ரத்து செய்து ஜூன் 23 அன்று அந்த 1,563 பேருக்கு மட்டும் மறுதேர்வு வைத்தீர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் எழுத வரவே இல்லை. இயற்பியல் கேள்வி ஒன்றின் விடையையும் மாற்றிய பிறகு முழு மார்க் வாங்கியவர்கள் 17 பேராகச் சுருங்கினார்கள். அன்று சிலருக்கு மட்டும் மறுதேர்வு வைத்தபோது சமவாய்ப்பு கெடவில்லை. ஆக, நேரம் போனால் மறுதேர்வு உண்டு, வெளிச்சம் போனால் கிடையாது, சட்டம் தெளிவாகிவிட்டது. என் சந்தேகம் ஒன்றே ஒன்று: தேர்வறைக்குள் கைக்கடிகாரம் கூடாது என்பது தங்கள் விதி. சுவரைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டில் சுவர் தெரியாதவனுக்குப் போனது வெளிச்சமா, நேரமா?

தங்களை மட்டும் தனியாகப் பாராட்டுவதும் நியாயமில்லை. அதே மே 4 அன்று இந்தூரிலும் காற்று, மழை, கரண்ட் கட். அங்கே தனி நீதிபதி மறுதேர்வு வைக்கச் சொன்னார். டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. இருட்டில் ஒரே நாடு, ஒரே தேர்வு என்பது நிறைவேறியிருக்கிறது.

இனி விண்ணப்பம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று கேள்விகளைப் பிரித்திருக்கிறீர்கள். நான்காவதாக ஒன்றைச் சொல்லாமலே நடத்தி வருகிறீர்கள். அதை அறிவித்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் முறையாகச் சொல்லிக்கொடுப்போம். இப்போது அரைகுறையாகத்தான் நடக்கிறது. பதினொன்றிலிருந்து கேட் திறந்திருக்கும், ஒன்றரைக்கு ஒரு நொடி தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், நண்பகல் வெயிலில் வரிசையில் நிற்பது ஒரு பயிற்சி. முழுக்கை கூடாது, ஷூ கூடாது, தோடு, மூக்குத்தி, ஹேர்பின் கூடாது. 2017-இல் கேட்டிலேயே கத்தரிக்கோலால் சட்டைக் கையைக் கத்தரித்துவிட்ட படங்கள் வந்ததிலிருந்து என் வகுப்புப் பெற்றோர்கள் நீட்டுக்கென்று தனியாக அரைக்கை சட்டை எடுத்துவைக்கிறார்கள். ராணுவத்துக்கே சீருடை தைத்து அனுப்புகிற ஊர் ஆவடி. தங்கள் அளவைச் சொன்னால் இங்கேயே தைத்துக் கொடுத்துவிடுவார்கள். டாங்கி செய்கிற ஊரும் இதுதான். ஜெனரேட்டர்தான் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

மின்வெட்டுப் பயிற்சியில் எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. 2012 வாக்கில் பிளஸ் டூ படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொகை நுண்கணிதம் போட்டவர்கள். தங்கள் தேர்வுக்குக் கச்சிதமான தலைமுறை. அவர்களுக்குப் பிறகு நிலைமை சீராகி, இப்போதுள்ள பிள்ளைகள் ட்யூப்லைட்டிலேயே படித்துக் கெட்டுப்போய்விட்டார்கள்.

ஆனால் அந்தப் பழைய பிள்ளைகள் நீட் எழுதாமலே டாக்டரானார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நுழைவுத்தேர்வு வேண்டாம் என்று தமிழ்நாடு 2006-இல் சட்டம் போட்டது. 2007-இலிருந்து 2016 வரை பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கிலேயே எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் இப்போது எனக்குப் பிரஷர் பார்க்கிறார். அரைக்கை சட்டை சோதனையில் தேறாதவர். காதில் தோடோடு படித்தவர். இருந்தும் பிரஷர் குறைந்திருக்கிறது. தகுதி என்று தாங்கள் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. 2023-இல் முதுநிலை நீட்டுக்குத் தகுதி பர்சன்டைலைச் சுகாதார அமைச்சகம் பூஜ்யமாக்கியபோதுகூட நான் சந்தேகிக்கவில்லை. பூஜ்யத்தைக் கண்டுபிடித்த நாடு நம்முடையது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இந்தப் பயிற்சி யாருக்கு எவ்வளவு சுலபம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆவடியில் லோக்கல் ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் தாண்டி வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அண்ணா நகர். அங்கே ஏ.சி. உண்டு, கரண்ட் போனால் கண்மூடித் திறப்பதற்குள் ஜெனரேட்டர் ஓடும், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ‘ரிப்பீட்டர் பேட்ச்’ உண்டு. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் திரும்ப எழுதி வந்தவர்கள் 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். அதாவது பிளஸ் டூ என்பது இப்போது பன்னிரண்டு வருஷப் படிப்பு இல்லை. பதின்மூன்று, சில வீடுகளில் பதினான்கு. அந்தக் கூடுதல் வருஷத்தை வாங்க லட்சக்கணக்கில் வேண்டும். என்னிடம் வருகிற பிள்ளைகளின் அம்மாக்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். “சார், இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் நர்சிங்ல சேத்துடுவேன், பாத்துக்குங்க” என்பார்கள். அவர்களுக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்திருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடுதான் ஒரே வெளிச்சம். (பள்ளி வாத்தியார் இந்த மாதிரி சிலேடை செய்யக் கூடாது, இருட்டைப் பற்றி எழுதி எழுதி வந்துவிட்டது.) நீட் விலக்குக் கேட்டுச் சட்டசபை இருமுறை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் இல்லை என்று 2025 ஏப்ரலில் தெரிந்தபோது அந்த அம்மாக்கள் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மே மாதத் தேர்வு மையம் எங்கே விழும் என்றுதான் கேட்டார்கள்.

ஆவடிக்கு வேறொரு பெருமையும் உண்டு ஐயா. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிசப் பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று மேடை போட்டுச் சொன்ன ஊரில், எழுபது வருஷம் கழித்து, அதே சமவாய்ப்பைக் காட்டி மறுதேர்வு மறுத்திருக்கிறீர்கள். சரித்திரம் இவ்வளவு சிக்கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

எனவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: அடுத்த விண்ணப்ப அறிவிப்பில் இருட்டு, ஈரம், இடமாற்றம் மூன்றையும் நான்காம் பாடமாகச் சேர்த்து, எத்தனை மார்க் என்று சொல்லிவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 2025-இல் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், குறைந்தபட்சம் 1,000. எழுதிய 22 லட்சம் பேருக்கும் அந்தக் குறைந்தபட்சக் கணக்கையே போட்டாலும் 220 கோடி ரூபாய்.

இது தோதுப்படாவிட்டால் மாற்று யோசனை ஒன்று உண்டு. கரண்ட் போனால் எத்தனை நிமிடம் போனது என்று மையத்திலேயே குறித்து, ஐந்து மணிக்கு மேல் அத்தனை நிமிடம் கூட்டிக் கொடுக்கும் அதிகாரத்தை மையக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கோர்ட், நிபுணர் குழு, புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படாது. மையத்துக்கு ஒரு ஜெனரேட்டரும் கட்டாயமாக்குங்கள். ஆவடி மார்க்கெட்டில் எந்தப் பந்தல் காண்ட்ராக்டரிடம் கேட்டாலும் வாடகைக்குக் கிடைக்கும். தேர்வு ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமுல்லைவாயில்