மூடி எங்கடா பேராண்டி?

வாடாப்பா, இப்பிடி திண்ணையில குந்து. கிரகப்பிரவேசத்துக்கு கூப்புட்ட, வந்தேன், வடை பாயசத்தோட சாப்ட்டேன். வூட்டையும் சுத்திக் காட்டின. மூணு கக்கூசு! அதுல ஒண்ணு வெறும் விருந்தாளிக்காம். பொத்தான அமுக்கினா சத்தமே இல்லாம எல்லாத்தையும் இழுத்துக்குது. சரி, இழுத்துகினு எங்க போவுதுன்னு கேட்டேன். "செப்டிக் டேங்குக்கு தாத்தா"ன்ன. டேங்க் எங்கடான்னேன். கொத்தனாருக்குத் தெரியும்ன. மூடி எங்கடான்னேன். மேல டைல்ஸ் ஒட்டி கார நிறுத்திட்டோம்ன.

செல்போனு தொலைஞ்சா அது எந்தத் தெருவுல கெடக்குதுன்னு காட்டுற காலமாமே? சொந்த டேங்க கேட்டா கொத்தனார் பேரச் சொல்ற!

அது ஒண்ணும் மாயக்கெணறு இல்ல ராசா. கஞ்சிப் பானைதான். அடியில வண்டல் தங்கும், மேல ஆடை கட்டும், நடுவுல தண்ணி நிக்கும். காத்தில்லாத எடத்துல பொழைக்கிற கிருமி கொஞ்சம் தின்னும். எல்லாத்தையும் தின்னுமா? தின்னாது. வண்டல் ஏறிகினே வரும். மூணு வருசத்துக்கு ஒருக்கா எடுக்கணும்னு படிச்சவன் சொல்றான். நம்மாளு எப்ப எடுப்பான்? பொங்கி வாசக்கோலத்த நனைச்சாத்தான்.

நடுவுல நிக்கிற தண்ணி உறிஞ்சு குழிக்குப் போவணும். நீ இன்னா பண்ண? குழாயத் திருப்பி தெருக் கால்வாய்ல உட்டுட்ட. உன் சித்தப்பன் அடியே பூசாம ஆழமா தோண்டிட்டு, "எங்க டேங்க் இன்னிக்கி வரைக்கும் நெறையல"ன்னு மீசைய முறுக்குறான். எப்பிடிடா நெறையும்? பக்கத்துலியே போர் போட்டு தெனமும் இறைச்சிகினு கீறானே!

கால்வாய்த் தண்ணி மேட்டுக்கா ஏறும்? சங்கராபரணி ஆறு, வீடூர் அணை, அப்புறம் பாண்டிச்சேரிப் பக்கம் கடல். நீயோ சனிக்கெழமை ஆனா வண்டிய எடுத்துகினு பாண்டி அலையில நின்னு போட்டோ புடிக்கிற. செஞ்சியில வழியனுப்பினத அங்க போயி வரவேற்கிறியோ?

2025 ஜூலையில மராட்டியர் கோட்டைங்க 12-ஐ உலகப் பாரம்பரியம்னு யுனெஸ்கோ சொன்னப்ப, தமிழ்நாட்டுலேர்ந்து நம்ம செஞ்சிக் கோட்டை ஒண்ணுதான் அதுல. அன்னிக்கே செல்பி போட்டுட்ட. கோட்டைக்குள்ள கல்யாண மகால்ல மண்குழாய் வெச்சி மேல்மாடிக்கே தண்ணி ஏத்துனானே, அத எட்டிப் பாத்தியா? பாறையில வுழுற மழைய சொனையிலயும் கொளத்துலயும் புடிச்சி வெச்சான். 1690-லேர்ந்து 1698 வரைக்கும் மொகலாயப் படை சுத்தி குந்திருந்துச்சே, தண்ணியோட போக்குவரத்து தெரியாதவன் அத்தினி வருசம் தாங்குவானா?

இப்ப யாரக் கேட்டாலும் பாதாள சாக்கடை வரணும், பல கோடி வரணும்னு வானத்தப் பாத்து பேசுறான். வரட்டும், வேணாங்கல. அது வர்ற வரைக்கும்? மெட்ராசுக்கு பஸ்சுல போறப்ப, மதுராந்தகத்த தாண்டி கருங்குழின்னு ஒரு ஊரு. நம்மளாட்டம் பேரூராட்சிதான். அங்க 2017-லியே கசடு சுத்தம் பண்ற எடம் வந்துருச்சி. லாரியில வர்றத படுகையில ஊத்துறான். வடியிற தண்ணிய தனியா சுத்தம் பண்றான். வண்டல வெயில்ல காய வெக்கிறான். வெயிலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்?

இன்னொண்ணு, இத சிரிக்காம கேளு. ஆள மட்டும் உள்ள எறக்காத. உள்ள கீற விசக்காத்து நொடியில ஆளச் சாச்சிடும். 2013-லியே அதத் தடுக்க சட்டம் போட்டுட்டான். சட்டம் இல்லாட்டியும் ஒருத்தன் பெத்த புள்ளய உள்ள எறக்கலாமா?

மொதல்ல டைல்ஸ பேத்து மூடியத் தேடு. அப்புறம் லாரிய கூப்புடு. துட்டு எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்ன, எங்கப்பா கொட்டுவன்னு கேளு. அவன் தலையச் சொறிஞ்சிகினு ஏரிப் பக்கம் கைய காட்டினா, துட்ட மடியிலியே வெச்சிக்க. அந்த ஏரிக்கரையிலதான் உன் மாமியா வூடு.