தொட்டிக்கு ஒரு தீர்மானம்

தென்காசியில் எங்கள் அடுக்ககத்துப் பால்கனிக்கு வெளியே ஒரு செம்பருத்தித் தொட்டி வைக்கச் சங்கத்திடம் மனுக் கொடுத்து மூன்று சீசன் ஓடிவிட்டது. "தொட்டி சரி அண்ணாச்சி, தண்ணி சொட்டுமே? கீழ்வீட்டுல சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்கிறார் செயலாளர். ஆனி, ஆடியில் சாரல் விழுந்து ஊரே சொட்டிக்கொண்டிருக்கும் இடம் இது.

வீடு கட்டுவதே லேசு போல. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கிவிடலாம். செம்பருத்திக்குத்தான் அந்த வசதி இன்னும் வரவில்லை.

பக்கத்துக் குற்றாலத்தில் சில தனியார் விடுதிக்காரர்கள் தொட்டியோடு நிற்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையைத் திருப்பி, தோட்டத்துக்குள்ளேயே அருவி வைத்துக்கொண்டார்கள். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு நடவடிக்கைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. அவர்களிடம் கீழ்வீட்டுச் சம்மதக் கடிதம் எதையும் யாரும் கேட்ட மாதிரி இல்லை. கேட்டிருந்தால் கையெழுத்துப் போட வேண்டியது கீழே ஓடும் சிற்றாறு.