பட்டினியும் மோட்டிவேஷனும்

1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஒரு பட்டினி ஆய்வுக்கு 36 இளைஞர்களைச் சேர்த்தார். மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்கள், பட்டினிக்குச் சம்மதித்தவர்கள். 24 வாரம், நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி. எரிச்சல், சோர்வு, விரக்தி எல்லாம் வந்தன; காதல் நினைப்பு மட்டும் போய்விட்டது. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களில் மூழ்கினார்கள். முடிவுகள் 1950இல் இரண்டு தடித்த தொகுதிகளாக வந்தன.

இன்றைய டயட் சார்ட் பலவற்றில் 1,200 கலோரிதான். பெயர் ‘ஆரோக்கிய வாழ்வு’. நான்காம் நாளே வீட்டில் எல்லோர்மேலும் எரிந்துவிழுந்து, நள்ளிரவில் பிரியாணி வீடியோ பார்ப்பவரிடம் பயிற்சியாளர் சொல்கிறார்: “உங்களுக்கு மோட்டிவேஷன் பத்தலை சார்!”

கீஸ் பட்டினிதான் போட்டார். அதற்கு மாதச் சந்தா வாங்கவில்லை.