ஒரே குண்டு, ஒரு ஃப்ரீசர் கறி

கே: அணுகுண்டே வைத்திருக்கும் அமெரிக்காவில், மான் வேட்டைக்கு ஏன் இன்னமும் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி? (தஞ்சாவூர்)

ப: பழமை மீதான பாசம் கால் பங்கு, காலண்டர் முக்கால் பங்கு. கொலராடோ மாநிலத்தில் செப்டம்பர் நடுவில் 9 நாள், மஸில்லோடர் என்கிற இந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கென்று சீசன் வைத்திருக்கிறார்கள். ரைஃபிள் கூட்டம் பெரும்பாலும் அக்டோபரில்தான் மலையேறும். செப்டம்பரோ எல்க் மானுக்குக் கல்யாண மாதம். 300 கிலோ ஆண் எல்க், சேற்றில் சிறுநீர் கழித்து, அதிலேயே புரண்டு எழுந்து, அந்த சென்ட்டோடு பெண் தேடக் கிளம்பும். உருவத்தைப் பார்த்து உறுமப்போகிறது என்று நினைத்தால், கீச்சென்று விசில் சத்தம் வரும். சாதாரண நாளில் இலை அசைந்தாலே ஓடிவிடும் பிராணி, காதலில் கொஞ்சம் அசட்டுத் தைரியத்தோடு இருக்கும். வேட்டைக்காரருக்கு அந்த அசடுதான் மூலதனம்.

கே: எல்க் நம்ம ஊர்க் கடமான்தானே? (வால்பாறை)

ப: ஒரே குடும்பம், வேறு வீடு. எல்க்குக்குக் குளிர் பிடிக்கும்.

கே: ஒரே ஒரு குண்டுதானாமே, தவறிவிட்டால்? (திருநெல்வேலி)

ப: மான் போய்விடும், நீங்கள் புகைக்குள் நிற்பீர்கள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மருந்தை அளந்து குழல் வாயில் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் அடிவரை கெட்டித்து, பின்னால் பொறி கிளப்பும் கேப் மாட்ட வேண்டும். பழகிய கைக்கே அரை நிமிடம் ஆகும். அந்தக் கம்பியில் ஒரு கோடு கீறியிருப்பார்கள். குண்டு ஒழுங்காக உட்கார்ந்தால் கோடு குழல் விளிம்போடு நிற்கும். விளிம்புக்கு மேலே நின்றால், ஒன்று குண்டு பாதியில் சிக்கியிருக்கிறது, இல்லை பதற்றத்தில் மருந்தை இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சுடுகிறவர் முகத்துக்கு நல்லதல்ல.

இதற்கு நடுவே மலைமழை வேறு. மருந்து நனைந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதனால் குழல் வாயில் சின்ன பலூனை மாட்டிக்கொண்டு காட்டில் திரிவார்கள். அதைக் கழற்றாமலே சுடலாம். டெலஸ்கோப் வைக்கக் கொலராடோவில் அனுமதி கிடையாது, கண்ணும் குறிமுனையும்தான். ஆகவே 100 கஜத்துக்குள் நெருங்கி, முன்னங்காலுக்குப் பின்னே நுரையீரலைக் குறிவைக்க வேண்டும். இரண்டாவது குண்டு இல்லை என்று தெரிந்தவர் கண்டபடி சுடமாட்டார். என்னைக் கேட்டால் இந்த வேட்டையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

கே: அதில் போடுவது சிவகாசி மருந்தா? (சாத்தூர்)

ப: பங்காளிகள். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது பழைய கைப்பக்குவம். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் குழலைக் கழுவாவிட்டால், கசடு ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றிவிடும். பட்டாசுக்கு அந்தத் தொல்லை இல்லை, வாசலைப் பெருக்கினால் போதும்.

கே: மறைந்திருந்து சுட வேண்டியவர் ஏன் ஆரஞ்சுச் சட்டை போடுகிறார்? (கரூர்)

ப: மானுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். பக்கத்துப் புதரில் இருக்கும் இன்னொரு துப்பாக்கிக்காரருக்குப் பளிச்சென்று தெரியும். கொலராடோ சட்டப்படி குறைந்தது 500 சதுர அங்குலம், தலையில் தொப்பி உட்பட. 2016 முதல் பிங்க்கும் செல்லும்.

கே: ஒரு மான் அடித்தால் ஃப்ரீசர் நிறையுமா? (ஈரோடு)

ப: நிறையும். பெண் எல்க் என்றால் எலும்பு நீக்கிச் சுமார் 70, 80 கிலோ கறி தேறும். 200 லிட்டர் பெட்டி ஃப்ரீசர் திணறிப்போகும். ஆனால் மானுக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறதே! சுட்டதோடு வேட்டை முடிந்து, சுமைகூலி வேலை ஆரம்பம். செப்டம்பர் வெயிலில் கறிக்கு முதல் எதிரி அந்த உடம்பின் சூடுதான். தோல் தடிமன், தொடை எலும்பைச் சுற்றிச் சதை அதைவிடத் தடிமன். வெளியே தொட்டால் ஜில்லென்று இருக்கும், உள்ளே இடுப்பு மூட்டுப் பக்கம் அழுக ஆரம்பித்திருக்கும். உடனே தோலை உரித்து, நான்கு கால்களையும் தனித்தனியே பிரித்து, காற்றோடும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். பிறகு முதுகில் சுமந்து இறக்க வேண்டும். பின்னந்தொடை ஒன்றே 25, 30 கிலோ. நாலைந்து நடை ஆகும். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு கறியைக் காட்டில் விட்டு வந்தால் அது குற்றம். ஆணா பெண்ணா என்பதற்கான அத்தாட்சியும் உடலோடு ஒட்டியே இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காட்டியாக வேண்டும், வெட்கப்பட முடியாது.

இன்னொன்று, மூளையை அரிக்கும் ஒரு நோய் அங்கே மான்களிடம் உண்டு. 1967இல் முதலில் கண்டது கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியில் கைவைக்காமல் இருப்பதே புத்தி.

கே: இத்தனை பாட்டுக்குக் கடையில் கறி வாங்குவது மலிவில்லையா? (நாமக்கல்)

ப: மலிவுதான். லைசென்ஸுக்கே குலுக்கல், சிலருக்கு வருடக்கணக்கில் விழாது. விழுந்தவரிலும் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அவர்கள் ஃப்ரீசரில் ஐஸ் இருக்கும்.

கே: மிஞ்சிய கறியை விற்று செலவை ஈடுகட்டலாமே? (விருதுநகர்)

ப: வியாபார மூளை! ஆனால் அப்படி விற்றுத்தான் ஒருகாலத்தில் எல்க்கையே தீர்த்தார்கள். சுரங்க ஊர்களுக்குக் கறி சப்ளை செய்தே, 1900 வாக்கில் கொலராடோவில் எல்க் அரிதாகிவிட்டது. அப்புறம் யெல்லோஸ்டோன் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டார்கள். விற்பனைக்குத் தடை வந்தது. 1937இல் துப்பாக்கி, தோட்டா மீதான வரிப் பணத்தைக் காட்டுயிருக்கே ஒதுக்கினார்கள். இன்று அங்கே இரண்டரை லட்சத்துக்கு மேல் எல்க் மேய்கிறது. சாப்பிடலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், காசு மட்டும் வாங்கக்கூடாது.

கே: அலுவலக நண்பர் எல்க் கறி கொடுத்தார். மட்டன் மாதிரி குக்கரில் வைக்கலாமா? (டென்வர்)

ப: எந்தப் பாகம் என்று முதலில் கேளுங்கள். கொழுப்பே இல்லாத கறி அது. முதுகுச் சதையைக் குக்கரில் ஏற்றினால் செருப்புத் தோல்தான் மிஞ்சும். நல்ல சூட்டில் நெய் விட்டு இரண்டு பக்கமும் புரட்டி, உள்ளே சிவப்பு மாறும் முன்பே இறக்கிவிடுங்கள். கால் கறிக்குத்தான் குக்கர். மிளகும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போகலாம். கொத்துக்கறி என்றால் கொஞ்சம் வேறு கொழுப்பு சேர்க்காமல் உருண்டை பிடிக்க வராது.

கே: அங்கே ஓநாய்களையும் விட்டிருக்கிறார்களாமே? (ஊட்டி)

ப: 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 டிசம்பரில் ஆரிகனிலிருந்து 10 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்குக் குலுக்கலும் இல்லை, சீசனும் இல்லை.

கே: தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி பரணில் இருக்கிறது. ஒரு கை பார்க்கவா? (தேனி)

ப: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பரணில் இல்லை, அமலில் இருக்கிறது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.