புதுச்சேரி விழுந்த தை மாதம்: கேள்வி-பதில்

கேள்வி: வந்தவாசிப் போரோடு பிரெஞ்சுக்காரர் கதை முடிந்துவிட்டது என்று படித்தேன். அப்படியானால் புதுச்சேரி அன்றைக்கே விழுந்ததா? (போட்டித் தேர்வு எழுதும் வாசகி, திண்டிவனம்)

பதில்: இல்லை. வந்தவாசிப் போர் 1760 ஜனவரி 22. புதுச்சேரி விழுந்தது 1761 ஜனவரி 16. நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம் கிடக்கிறது, அந்த வருஷத்தில்தான் கதையே இருக்கிறது. வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஜெயித்தார், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். அதற்குப் பிறகு ஆங்கிலேயர் சுற்றுக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஜூலையில் வில்லியனூர், செப்டம்பரில் அரியாங்குப்பம். நெல் வரும் வழியெல்லாம் அடைபட்டது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள். காப்பாற்ற வேண்டிய பிரெஞ்சுக் கப்பற்படையோ 1759-லேயே மொரீசியஸுக்குப் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. பீரங்கிக்குப் பசிக்காது, பீரங்கிக்காரனுக்குப் பசிக்கும். கடைசி வாரங்களில் கோட்டைக்குள் யானை, ஒட்டகம், குதிரை, நாய் என்று எதையும் விடவில்லை. ஊரைப் பிடித்தது பசிதான்.

கேள்வி: லாலி திறமையில்லாதவரா, அதிர்ஷ்டம் கெட்டவரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: தஞ்சாவூரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தலைமைத் தளபதியாக லாலி வந்து இறங்கினார். ஜூனில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் கஜானாவில் காசு இல்லை. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சாந்தா சாகிப் காலத்தில் தஞ்சை ராஜா எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் ஒன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தப் பழைய கடனை வசூலிக்கப் படையோடு கிளம்பினார். சோற்றுக்கும் வண்டிமாட்டுக்கும் ஏற்பாடு இல்லாமல் ஒரு படை வயல் வழியே நடந்தால் என்ன ஆகும்? வழிநெடுகக் கொள்ளைதான். நாகூர் கொள்ளை போனது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கிருந்த பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சைக் கோட்டை வாசலில் வெடிமருந்து தீர்ந்து, ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இதைச் செய்தவரை அதிர்ஷ்டம் கெட்டவர் என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வராது. கடலூர் முற்றுகைக்குச் சாமான் சுமக்க ஆள் போதாமல், புதுச்சேரி ஜனங்களைச் சாதி, தொழில் எதுவும் பாராமல் வலுக்கட்டாயமாக இழுத்துப் போனவரும் இவர்தான். எந்த ஊர் ஜனங்களின் தோளில் சாய்ந்து பிழைக்க வேண்டுமோ, அந்தத் தோளையே முதலில் ஒடித்தார்.

கேள்வி: பின்னால் லாலியின் தலை போனது உண்மையா? (வாசகர், காரைக்கால்)

பதில்: உண்மை. 1766 மே 9 அன்று பாரிஸில், வாய் பேச முடியாதபடி துணி அடைத்து, தலையை வெட்டினார்கள். தோற்றதற்குத் துரோகம் என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனி அனுப்பாத பணத்துக்கும், வராத கப்பலுக்கும் ஒரே கழுத்து பதில் சொன்னது. வால்டேர் அவருக்காகப் பேனா எடுத்தார், மகன் விடாமல் வழக்காடினார். 1778-இல் தீர்ப்பு ரத்தானது. மேலே அவரைக் கடிந்து எழுதியவன் நான்தான். இந்தத் தண்டனை அநியாயம் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

கேள்வி: முற்றுகையின்போது நம் ஜனங்கள் என்ன ஆனார்கள்? எந்தப் புத்தகத்திலும் தளபதிகள்தான் வருகிறார்கள். (கல்லூரி மாணவர், வில்லியனூர்)

பதில்: இந்தக் கேள்விக்காக உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

1760 நவம்பர் கடைசியில் கோட்டைக்குள் தானியம் கரைந்துகொண்டே வந்தது. வெள்ளைக்காரர்களிடம் வேலை செய்யும் சிலரைத் தவிர, மீதி ஜனங்களை வெளியே தள்ளும்படி லாலி உத்தரவிட்டார். ஆண், பெண், குழந்தை எல்லாருமாக ஏறக்குறைய 1,400 பேர். கூட்டமாக ஆங்கிலேயர் காவல் வரிசைக்குப் போனார்கள். அங்கே வழி விடவில்லை. அவர்கள் திரும்பி வந்தால் ஊருக்குள் இருக்கும் சோறு சீக்கிரம் தீரும் என்பது ஆங்கிலேயர் கணக்கு. சோற்றுக்கு இத்தனை வாய் குறைந்தது என்பது பிரெஞ்சுக்காரர் கணக்கு. திரும்பி வந்தவர்களைக் கோட்டைக்காரர்கள் சுட்டார்கள். சிலர் செத்தார்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஜனங்கள் இரண்டு படைக்கும் நடுவில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். கார்த்திகை மாதம், புதுச்சேரிக் கடற்கரையில் அது மழைக்காலம். கைக்குழந்தையோடு போன ஒரு தாய் ஈரத்தரையில் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். கடைசியில் கூட் மனம் இரங்கி வழி விட்டார். ‘முற்றுகை நீடித்தது’ என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுகிறோமே, அதற்குள் இந்த நாட்கள் அடங்கிக் கிடக்கின்றன. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயராவது நமக்கு வாய்க்கவில்லை.

கேள்வி: இயற்கை யார் பக்கம் இருந்தது? (மீனவக் குடும்பத்து வாசகி, கடலூர்)

பதில்: 1761 புத்தாண்டு பிறந்த இரவில் பெரும் புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதின. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். கரையில் கூடாரங்கள் பறந்தன. ஊருக்குள் இருந்தவர்களுக்கு ஒரு நாள் நம்பிக்கை பிறந்தது. ஆனால் வெள்ளக்காட்டில் வெளியே வந்து தாக்க அவர்களுக்குத் தெம்பில்லை. ஒரு வாரத்தில் வேறு கப்பல்கள் வந்து நின்றுவிட்டன. புயல் யார் பக்கமும் இல்லை என்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: புதுச்சேரி வெள்ளைக்காரப் பகுதியில் பழைய பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே வாழ்ந்த மாளிகையைப் பார்க்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முடியாது. சரணடைந்ததும் ஊர் யாருக்கு என்று ஆங்கிலேயருக்குள்ளேயே சண்டை. இங்கிலாந்து ராஜா படையைச் சேர்ந்த கூட் ஒரு பக்கம், சென்னைக் கவர்னர் பிகட் மறுபக்கம். ஊர் ஆங்கிலக் கம்பெனிக்கு வராவிட்டால் படைக்குச் சம்பளம் தர மாட்டேன் என்றார் பிகட். ஊர் கம்பெனிக்கே வந்தது. செயின்ட் டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலாகப் புதுச்சேரிக் கோட்டையும் மாளிகையும் தரைமட்டமாயின. 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765-இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது இடிபாடுதான். இன்று நீங்கள் படம் எடுக்கும் மஞ்சள் சுவர்த் தெருக்கள் அதற்குப் பிறகு எழும்பியவை. பாரதி பூங்கா இருக்கும் பக்கத்தில்தான் பழைய கோட்டை நின்றது.

கேள்வி: புதுச்சேரி மறுபடி விழுந்ததா? (வாசகர், சேலம்)

பதில்: 1778, 1793, 1803. மூன்று தடவை.

கேள்வி: ஆனந்தரங்கப் பிள்ளை இதையெல்லாம் எழுதியிருக்கிறாரா? (நூலகர், மதுரை)

பதில்: 1736-இல் நாட்குறிப்பைத் தொடங்கியவர். துய்ப்ளே காலத்துத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), பிறகு பதவி போனவர். அரிசி விலை, கப்பல் வரவு, கவர்னரின் கோபம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்தார். ஆனால் ஊரின் கடைசி நாட்களில் அவர் படுத்த படுக்கையானார். 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் உள்ளே நுழைவதற்குச் சில நாட்கள் முன்பு, 51 வயதில் இறந்துபோனார். வில்லியனூர் வாசல் வழியாக ஆங்கிலப் படை வந்ததைப் பார்க்க, இருபத்தைந்து வருஷம் இந்த ஊரைப் பார்த்த அந்தக் கண்கள் இல்லை.